வி.சி.ஈ.யில் தமிழ்: ஒரே வீட்டில் இரண்டு முடிவுகள்

மெல்பேர்ணில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற தமிழ் வீட்டுக்கு யார் வந்தாலும், தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு கேள்வி வரும். "பிள்ளையைத் தமிழ் எடுக்க விடுறியளோ?" பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிற, விக்ரோரிய மாநிலத்தின் வி.சி.ஈ. பரீட்சையில் தமிழையும் ஒரு பாடமாக எடுப்பதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர் பதிலையும் கையோடு கொண்டு வந்திருப்பார். ஒரு சாரார், "வீட்டில கதைக்கிற பாஷைதானே, சும்மா கிடைக்கிற மார்க்ஸ், மேல அஞ்சு புள்ளியும் போடுறாங்கள்" என்பார்கள். மற்றச் சாரார், "ஊரில படிச்சிட்டு வந்த பிள்ளையளோட போட்டி போட்டு எங்கட பிள்ளை என்ன செய்யும்?" என்பார்கள்.

எங்கள் வீட்டில் மகள் எடுத்தாள், மகன் எடுக்கவில்லை. இரண்டுமே சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். இருவரும் வீட்டில் தமிழ் கதைக்கிறவர்கள்தான். அவர்களைப் பிரித்தது எழுத்து.

முதலில் அந்த அஞ்சு புள்ளிக் கதையை முடித்துவிடுகிறேன். அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு முடிவெடுக்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வி.சி.ஈ.யில் ஒவ்வொரு பாடத்துக்கும் 50க்கு ஒரு புள்ளி வரும். அது பிள்ளை எத்தனை வீதம் சரியாக எழுதியது என்பதல்ல. அந்த வருடம் அதே பாடத்தை எடுத்த மற்றவர்களோடு பார்க்கும்போது பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் அது. நடுப்புள்ளி 30. 40க்கு மேல் எடுப்பவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான். அதற்குப் பிறகு, பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் 'விராக்' அமைப்பு இன்னொரு கணக்குப் போடும். இந்தப் பாடத்தை எடுத்த பிள்ளைகள் தங்கள் மற்றப் பாடங்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்து, புள்ளிகளை ஏற்றும், இறக்கும். மொழிப் பாடங்களுக்கு மட்டும், பிள்ளைகள் மொழி படிக்கட்டும் என்ற அரசாங்கக் கொள்கையின்படி, அப்படி வந்த சராசரியோடு ஐந்து கூட்டப்படும். கவனியுங்கள், கூட்டுவது பாடத்தின் சராசரியில். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஐந்து வைக்கப்படுவதில்லை. ஒருவருக்குக் கூடலாம், ஒருவருக்குக் குறையலாம்.

அதோடு கதை முடியவில்லை. ஏடார், அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான தரவரிசை எண், அந்தக் கணக்கில் ஆங்கிலமும் அடுத்த சிறந்த மூன்று பாடங்களும்தான் முழுதாகச் சேரும். ஐந்தாவது, ஆறாவது பாடங்களில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சேரும். அதாவது தமிழ் உங்கள் பிள்ளைக்கு ஐந்தாவது பாடமாகப் போய் நின்றால், 30 புள்ளி எடுத்தாலும் மொத்தத்தில் சேருவது 3. எல்லாரும் பெரிதாகச் சொல்கிற அந்த ஐந்தும் அங்கே அரைப் புள்ளியாகிவிடும். அரைப் புள்ளிக்காக இரண்டு வருடச் சனிக்கிழமைகளைக் கொடுப்பதா என்பதைத் தாயும் தகப்பனும் இருந்து யோசிக்க வேண்டும். சிட்னியில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: நியூ சவுத் வேல்ஸில் மொழிகளுக்கு என்று இப்படித் தனியாகக் கூட்டுகிற வழக்கமே இல்லை. மெல்பேர்ண் மச்சாள் சொன்னதைக் கேட்டுவிட்டு அங்கே பதியாதீர்கள்.

சரி, பரீட்சைக்கு வருவோம். மொத்தப் புள்ளியில் பாதி, வருடம் முழுக்க வகுப்பில் செய்கிற மதிப்பீடுகளுக்கு. மற்றப் பாதி வருடக் கடைசிப் பரீட்சைக்கு. அந்தப் பாதிக்குள் வாய்மொழிக்கு 12.5 வீதம், எழுத்துக்கு 37.5 வீதம். மகளின் வகுப்பு ஆசிரியை முதல்நாள் பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் வெண்பலகையில் எழுதிவிட்டு, "உங்கட பிள்ளைகள் கெட்டிக்காரர் என்று நீங்கள் நினைக்கிறது சின்ன எண்ணில, அவை கஷ்டப்படப் போறது பெரிய எண்ணில" என்றார். பின்வரிசையில் இருந்த அப்பாமார் சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை.

மகள் நாலு வயதிலிருந்து ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் போனவள். வாசிப்பாள். ஆனால் கட்டுரை என்று உட்கார்ந்தால், வாயில் வருவது அப்படியே தாளில் இறங்கும். "நான் அம்மம்மாவோட கடைக்குப் போனனான். அம்மம்மா மரக்கறி வாங்கினவ." இதைச் சிவப்புப் பேனையால் திருத்தியபோது அவளுக்கு வந்த கோபம் நியாயமானது. "நீங்கள் கதைக்கிற மாதிரித்தானே அம்மா எழுதினனான்? நீங்கள் கதைக்கிறது பிழையோ?" பிழை இல்லை. ஆனால் பரீட்சைத் தாளில் "போனேன்", "வாங்கினார்" என்றுதான் வர வேண்டும். வீட்டில் தமிழே கதைக்காத பிள்ளைக்கு இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் அது படிக்கிறதே எழுத்துத் தமிழைத்தான். எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடோ மதுரை வீடோ, இந்தப் பாடு ஒன்றுதான்.

எழுத்துப்பிழையும் பேச்சிலிருந்துதான் வருகிறது. "பழம்", "பளம்" ஆகும். "அவர்கள்" என்பதில் கடைசி எழுத்து எந்த ள என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பாள். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து கையால் எழுதுவது. கணினியில் தட்டினால் அது தானே சொல்லைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. பரீட்சையில் பேனையும் தாளும்தான். அச்சு அகராதி கொண்டுபோகலாம், ஒருமொழி, இருமொழி இரண்டும் அனுமதி, எழுத்துப் பரீட்சைக்கு மட்டும். ஆனால் இரண்டு மணித்தியாலப் பரீட்சையில் அகராதி புரட்ட எங்கே நேரம்? அகரவரிசையே தடுமாறும் பிள்ளைக்கு அது மேசையில் ஒரு பாரம். மகளை வீட்டில் அகராதியில் சொல் தேடப் பழக்கிய பிறகுதான் அது உதவியது.

அடுத்தது எழுத்து வகை. கடைசிப் பகுதியில் தலைப்புகள் தருவார்கள், ஒன்றைத் தெரிந்தெடுக்கலாம்: கடிதம், உரை, கட்டுரை, அறிக்கை, நாட்குறிப்பு என்று ஏதாவது ஒரு வடிவத்தில் எழுத வேண்டும். அது சொந்த அனுபவமா, கற்பனையா, தகவலா, வாதாடி இணங்க வைப்பதா, இரண்டு பக்கத்தையும் எடைபோடுவதா என்பதும் கேள்வியிலேயே இருக்கும். இதில்தான் பிள்ளைகள் புள்ளியைக் கொட்டுகிறார்கள். பாடசாலை மாணவர் கூட்டத்தில் ஆற்றும் உரை எழுது என்றால், மகள் முதலில் எழுதியது நல்ல கட்டுரை. கேட்கிறவர்களை விளிக்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை, நன்றி சொல்லி முடிக்கவில்லை. தமிழ் நன்றாக இருந்தது, ஆனால் கேட்டது அது இல்லை. விக்ரோரியப் பாடத்திட்ட மதிப்பீட்டு அதிகாரசபையின் இணையத்தளத்தில் பழைய தமிழ் வினாத்தாள்களும், பரீட்சகர்களின் அறிக்கைகளும் இலவசமாகக் கிடக்கின்றன. ரியூசனுக்குக் காசு கட்டுவதற்கு முன் அந்த அறிக்கைகளைப் பிள்ளையோடு இருந்து வாசியுங்கள். எங்கே புள்ளி போகிறது என்று அவர்களே சொல்கிறார்கள்.

ஊரிலிருந்து வந்த பிள்ளைகளைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். பயத்துக்குக் காரணம் உண்டு. சீனம் போன்ற சில மொழிகளுக்கு முதல்மொழி, இரண்டாம்மொழி என்று தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. எத்தனை வருடம் எந்த மொழியில் பள்ளிக்கூடம் போனாய் என்று பார்த்துத்தான் எதில் சேர்ப்பது என்று முடிவு செய்வார்கள். மகளின் சீனத் தோழி ஒருத்தி அதற்காகப் பள்ளிக்கூடக் காகிதங்கள் எல்லாம் சேர்த்துக் கொடுத்தாள். தமிழுக்கு அந்தப் பிரிவு இல்லை. ஒரே பாடம், ஒரே தாள். இங்கே மெல்பேர்ண் டண்டினோங்கில் பிறந்த பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டு வந்த பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அப்படி வந்த பிள்ளை எங்கள் குடும்பத்திலேயே இருந்தான், என் ஒன்றுவிட்ட அண்ணரின் மகன். மகளோடு ஒரே வருடம் எடுத்தான். அவனுடைய கட்டுரையை வாசித்தால் எனக்கே பொறாமை வரும். ஆனால் கேட்டல், வாசித்தல் பகுதிகளில் ஒரு பாதிக்கு விடை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. ஒலிப்பதிவில் ஒரு தாத்தா தன் முதலாவது வேலையைப் பற்றிச் சொல்வார். அவர் அந்த வேலையை விட்ட காரணத்தை ஆங்கிலத்தில் விளக்கு, அவருடைய மனநிலை எப்படி மாறியது, சான்று தா என்று கேள்வி வரும். அண்ணர் மகனுக்குத் தாத்தா சொன்னது ஒரு சொல் விடாமல் விளங்கும். அதை ஆங்கிலத்தில் நறுக்கென்று எழுத வராது. மகளுக்கு நேர்மாறு. இரண்டு பேரையும் மேசையின் இரண்டு பக்கமும் இருத்தி ஒருவர் தாளை மற்றவர் திருத்த வைத்தோம். அதைவிடப் பெரிய ரியூசன் வகுப்பு நான் பார்க்கவில்லை. அவன் அவளைவிடக் கூடத்தான் எடுத்தான். எடுக்கத்தானே வேண்டும்? ஆங்கிலத்தோடும் புதுப் பள்ளிக்கூடத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, நிமிர்ந்து நிற்க ஒரு பாடம் கிடைத்தது. அதை "அநியாயப் போட்டி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மகளிடமோ, "உனக்கு ஏற்கெனவே தெரியும், அது ஏமாற்று" என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் அது அவளை அரித்தது. வீட்டில் புத்தகங்களோடு வளர்ந்த பிள்ளை ஆங்கில இலக்கியம் எடுப்பதையோ, கணக்காளர் வீட்டுப் பிள்ளை கணக்கியல் எடுப்பதையோ யாரும் ஏமாற்று என்பதில்லை. நான் அவளிடம் சொன்னது அவ்வளவுதான்.

வாய்மொழிப் பரீட்சை ஏறத்தாழப் பதினைந்து நிமிடம். முதல் ஏழு நிமிடம் குடும்பம், பள்ளிக்கூடம், பொழுதுபோக்கு என்று பொதுவான உரையாடல். மிச்சம், பிள்ளை வருடம் முழுக்க ஆராய்ந்த ஒரு தலைப்பைப் பற்றி. பரீட்சகர்கள் முன்னால் பெயரோ பாடசாலையோ சொல்லக்கூடாது. சின்னச் சமூகம், கோயிலில் பார்த்த முகமாகவும் இருக்கலாம். "வணக்கம் அன்ரி" என்று வாய்க்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகவே ஆசிரியை ஒத்திகை பார்த்தார்.

தலைப்பைத் தேர்வதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் யாழ் நூலக எரிப்பை எடுத்தார்கள். 1981, எரிந்த புத்தகங்கள் ஏறத்தாழ 97,000 என்று மனப்பாடம் செய்தார்கள். அது முக்கியமில்லை என்று யார் சொல்வார்? ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையிடம், பாடமாக்கிய தகவலுக்கு அப்பால் ஒரு கேள்வி கேட்டால் நின்றுவிடும். மகள் பனையை எடுத்தாள். காரணம் எளிது: அம்மம்மா எங்களோடு இருந்தார். பனங்கிழங்கை ஒடியலாக எப்படிக் காய வைப்பது, பனம்பழக் களியைக் காய வைத்துச் செய்கிற பனாட்டுக்கு எந்தப் பழம் நல்லது, கூழுக்கு ஏன் ஒடியல் மா என்று அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். பரீட்சையில் ஒருவர் கேட்டாராம், "மெல்பேர்ணில் இருக்கிற உங்களுக்குப் பனை எதற்கு?" என்று. அதற்குப் பாடமாக்கிய விடை இல்லை. போருக்குள் எத்தனையோ பனைகள் அழிந்ததையும், பனங்கட்டியைக் கடையில் பொதியில் பார்த்தால் அம்மம்மா விலை பார்க்காமல் வாங்குவதையும் சொன்னாளாம். இடையில் தெரியாத சொல் வந்தபோது ஆங்கிலத்துக்குத் தாவாமல் சுற்றிச் சொன்னாளாம். வாய்மொழிக்கு நான் கொடுக்கக்கூடிய அறிவுரை இதுதான்: வீட்டில் கேள்வி கேட்க ஆள் இருக்கிற தலைப்பை எடுங்கள், 'பட்', 'சோ', 'அக்சுவலி' இல்லாமல் ஒரு சாப்பாட்டு நேரம் முழுவதும் கதைத்துப் பழகுங்கள். எங்கள் வீட்டில் முதலில் தோற்றது அப்பாதான்.

கேட்டலுக்கு, பல மொழிகளில் ஒலிபரப்புகிற அவுஸ்திரேலிய எஸ்.பி.எஸ். நிறுவனத்தின் தமிழ் வானொலி போதும். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ் மட்டும் கேட்ட பிள்ளைக்குச் சென்னைப் பேச்சு வேகமாகத் தெரியும், மறுபக்கமும் அப்படியே. அங்கே இரண்டும் வரும். காரில் போட்டுவிட்டால் தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

மகள் பதினோராம் வகுப்பிலேயே தமிழை முடித்துவிட்டாள். இது முடிந்தால் எல்லாரும் செய்யக்கூடியது. முந்திய வருடம் எடுத்த புள்ளி ஏடார் கணக்கில் அப்படியே சேரும். பன்னிரண்டில் ஒரு பாடம் குறைவாக இருந்ததால் இரசாயனத்துக்கும் கணிதத்துக்கும் அவளுக்கு மூச்சு விட நேரம் இருந்தது. என்னைக் கேட்டால், அந்தக் கூட்டிய ஐந்தைவிட இதுதான் பெரிய இலாபம். அவளுக்குத் தமிழ் முதல் நான்குக்குள்ளும் வந்தது.

இப்போது மகன். அவனும் அம்மம்மாவோடு தமிழில்தான் கதைப்பான். சொல்லப்போனால் அக்காவைவிட நன்றாகக் கதைப்பான், பகிடியும் விடுவான். ஆனால் ஆரம்பப் பள்ளியோடு தமிழ்ப் பள்ளி நின்றுவிட்டது. வார இறுதியில் கிரிக்கெட், அது அவனுக்கு உயிர். பத்தாம் வகுப்பில் சொந்தக்காரர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். "அக்கா எடுத்தவள்தானே, அவனும் எடுக்கட்டும்." நான் ஒரு பழைய தாளின் எழுத்துப் பகுதியை அவனுக்குக் கொடுத்து, 200 சொல்லில் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். முக்கால் மணித்தியாலத்தில் ஆறு வரி வந்தது. ஆறும் பேச்சுத் தமிழ். அந்தப் பாடத்திட்டமே, பதினோராம் வகுப்புப் பகுதி தொடங்குமுன் குறைந்தது 200 மணித்தியாலம் தமிழ் படித்திருக்கிற பிள்ளையை மனதில் வைத்து எழுதப்பட்டது. பதினைந்து வயதில் எழுத்திலிருந்து தொடங்கி, அண்ணர் மகன் மாதிரிப் பிள்ளைகளோடு நிரையில் நிற்க விட்டால், தமிழ் அவனுக்கு அந்தப் பத்தில் ஒரு பங்குப் பாடமாகத்தான் வந்திருக்கும். தமிழென்றால் தோற்ற பாடம் என்ற நினைப்பும் கூட வந்திருக்கும். அவன் தமிழை எடுக்கவில்லை. கதைப்பதையும் விடவில்லை.

ஆகவே யாராவது கேட்டால் நான் சொல்வது: ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் பிள்ளையிடம் ஒரு பழைய தாளின் எழுத்துப் பகுதியைக் கொடுங்கள். திருத்த உங்களுக்கு நேரமில்லாவிட்டால் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள். பிழையோடு என்றாலும் ஒரு பக்கம் வருகிறதா? எடுக்கலாம். ஆறு வரியா? எத்தனை புள்ளி கூட்டினாலும் விடுங்கள். கதைக்கிற கெட்டித்தனத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கலிபோர்னியாவில் இருக்கிற என் தம்பி குடும்பத்துக்கு இந்தத் தலையிடி வேறு மாதிரி. அங்கே உயர்நிலைப் பள்ளியில் எழுதுகிற ஏ.பி. என்கிற பல்கலைக்கழகத் தரப் பரீட்சைகளில் சீனம், ஸ்பானியம், ஜப்பானியம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்காக முன்பு இருந்த எஸ்.ஏ.ரி. பாடப் பரீட்சைகளையும் 2021இல் நிறுத்திவிட்டார்கள், அதிலும் தமிழ் இருந்ததில்லை. ஆனால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழில் இருமொழி முத்திரை பதிக்கிற வழக்கம் 2011இல் கலிபோர்னியாவில்தான் சட்டமானது, தமிழிலும் தேர்ச்சி காட்டி அதைப் பெறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது தரவரிசையில் ஏறி இறங்குகிற எண் இல்லை, ஆகவே அங்கே மகன் மாதிரிப் பிள்ளைக்கும் முயன்று பார்ப்பதில் நட்டம் பெரிதாக இல்லை. இங்கே உள்ள கணக்கை அங்கே போடக்கூடாது, அங்கே உள்ளதை இங்கேயும் போடக்கூடாது.

கடைசியாகச் சில அலுவல்கள். பிள்ளையின் வழக்கமான பாடசாலையில் தமிழ் இருக்காது. விக்ரோரிய மொழிகள் பாடசாலை மாதிரிச் சனிக்கிழமை வகுப்பு நடத்துகிற இடத்தில் பதிய வேண்டும். பதிவதற்கு முன் வழக்கமான பாடசாலையின் வி.சி.ஈ. பொறுப்பாளரோடு கதையுங்கள், அவர்கள் பக்கத்துப் பதிவும் நேர அட்டவணையும் அவர் கையில். சில பல்கலைக்கழகப் பாடநெறிகள் மொழி படித்த பிள்ளைக்குத் தனியாகவும் சலுகை கொடுக்கும், ஆனால் பாடநெறிக்குப் பாடநெறி, வருடத்துக்கு வருடம் மாறும், அந்தந்த வருட 'விராக்' விபரத்தில்தான் பார்க்க வேண்டும். வாய்மொழிப் பரீட்சை ஒக்டோபரில் வரும், செப்ரெம்பர் விடுமுறை முடிந்த கையோடு. ஊருக்குப் போக அந்த விடுமுறையில் ரிக்கற் மலிவாகக் கிடைத்தாலும் அந்த ஒரு வருடம் போடாதீர்கள். அம்மம்மாவை இங்கே கூப்பிடுங்கள்.